தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்தால் முள்ளங்கிக்கு என்ன ஆகும்? இருபது தொட்டிச் சோதனை

நீலகிரியில் உருளைக்கிழங்கு கருகலுக்கும் தேயிலைக் கொப்புள நோய்க்கும் காலங்காலமாகத் தாமிரம் கலந்த காப்பர் மருந்து அடிக்கிறார்கள். அந்த மண்ணில் துத்தநாகமும் ஏறினால்? இதைச் சோதிக்கப் பலர் நல்ல மண்ணில் ஒரு வரிசை, இரண்டும் கலந்த மண்ணில் ஒரு வரிசை என்று வைத்துவிடுகிறார்கள். எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. நான்கு வகை வேண்டும்: சேர்க்காதது, தாமிரம் மட்டும், துத்தநாகம் மட்டும், இரண்டும். வகைக்கு ஐந்து தொட்டி. ஒரு தொட்டியில் மூன்று செடி நின்றாலும் கணக்குக்கு அது ஒன்றுதான்.

பயிருக்கு முள்ளங்கி போதும், 45 நாளில் முடியும். கேரட் தொட்டியில் கிளைத்துப் போகும்.

ஒரே வயலின் மேல்மண்ணை 15 செ.மீ. ஆழம்வரை எடுத்து, நிழலில் உலர்த்திச் சலித்து, தொட்டிக்கு 3 கிலோ நிறுங்கள். அதற்கு முன் அமில நிலை, தாமிரம், துத்தநாகம் மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். பழைய உருளைக்கிழங்கு வயலென்றால் 'சேர்க்காத' மண்ணிலும் தாமிரம் இருக்கும்.

கிலோவுக்கு 100 மி.கி. தாமிரம் என்றால் தொட்டிக்கு மயில்துத்தம் (நீலக் காப்பர் சல்பேட்) 1.18 கிராம். கிலோவுக்கு 200 மி.கி. துத்தநாகத்துக்கு ஜிங்க் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 2.64 கிராம். நீர் குறைந்த மோனோஹைட்ரேட் வகை என்றால் இந்த எடை பொருந்தாது, லேபிளைப் பாருங்கள். உரக்கடைச் சரக்கில் வேறு உலோகங்களும் கலந்திருக்கலாம், ஆய்வகத் தரமே வாங்குங்கள். 200 மி.லி. நீரில் கரைத்து, தார்ப்பாயில் மண்ணைப் பரப்பித் தெளித்துப் புரட்டுங்கள். சேர்க்காத மண்ணுக்கும் அதே அளவு வெறும் நீர். ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியாகக் கலக்க வேண்டும். மொத்தமாகக் கலந்து பிரித்தால் ஒரு பிழை ஐந்திலும் ஏறிவிடும்.

ஈரத்தோடு நான்கு வாரம் ஊறட்டும். உடனே விதைத்தால் உப்பு புதிதாகக் கரைந்து நிற்கும், வயலில் இல்லாத கடுமை தெரியும். விதைக்குமுன் அமில நிலையை எல்லாத் தொட்டியிலும் மறுபடி பாருங்கள். இந்த உப்புகள் மண்ணின் அமிலத்தை இன்னும் கூட்டும். மலைமண்ணில் அது தனியாகவே வேரைக் கெடுக்கும். இந்த அளவீட்டை விட்டால் அமிலம் செய்த கேட்டை உலோகத்தின் தலையில் போட்டுவிடுவீர்கள்.

மழை படாத பாலிஹவுஸில், சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்கி, வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். அடித்தட்டில் வடியும் நீரை அதே தொட்டியில் திருப்பி ஊற்றுங்கள், இல்லையேல் உலோகம் வெளியேறிவிடும். ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரி உறைபனி மாதங்களைத் தவிருங்கள்.

அறுவடையில் வேரை நன்கு கழுவி, 70 டிகிரியில் எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை உலர்த்தி நிறுங்கள். இந்த முள்ளங்கி மனிதருக்கும் மாட்டுக்கும் ஆகாது. மண்ணைச் சரிவில் கொட்டாதீர்கள், மழையில் ஓடைக்குப் போகும்.

இனிக் கணக்கு. சேர்க்காததில் உலர்ந்த வேரின் எடை 100 என்றால் தாமிரத்தில் 80, துத்தநாகத்தில் 70 என்று வையுங்கள். ஒன்றையொன்று தொடாமல் வேலை செய்தால் இரண்டும் உள்ளதில் 0.8 × 0.7, அதாவது 56 வர வேண்டும். 40 வந்தால் சேர்ந்து அதிகம் கெடுக்கின்றன. 68 வந்தால் ஒன்று மற்றொன்றின் கேட்டைக் குறைக்கிறது. வேரில் நுழைய இரண்டும் போட்டியிடுவது ஒரு காரணமாகலாம். 58 வந்தால் எதுவும் சொல்ல வேண்டாம், ஐந்து தொட்டிகளுக்குள்ளேயே அவ்வளவு வேறுபாடு இருக்கும்.