லாரி வாடகை பாக்கியை வசூலிப்பது எப்படி? ஒற்றை வண்டி ஓனர்களுக்கு

வடசென்னையில் தண்டையார்பேட்டை, மாதவரம், மணலி பக்கம் ஒரே வண்டியை வைத்து ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், டீசல் விலையைவிடப் பெரிய தலைவலி லோடு இறக்கியபின் வரவேண்டிய மீதி வாடகை, அதாவது பேலன்ஸ்தான் என்பார்கள். அட்வான்ஸ் டீசலுக்கும் டோலுக்கும் டிரைவர் பேட்டாவுக்குமே (வழிச்செலவுப் படி) சரியாகப் போய்விடும். நமக்கு மிஞ்சுவதெல்லாம் அந்த பேலன்ஸில்தான் மாட்டிக்கொண்டிருக்கும். தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக வசூல் வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

1. யார் தரவேண்டும்?

போனில் வாடகை பேசியது ஒருவர், ஜிபே போட்டது இன்னொருவர், எல்.ஆரில் (சரக்கோடு போகும் லாரி ரசீது) இருப்பது மூன்றாவது பெயர். பாக்கி விழுந்தால் மூவரும் மாறி மாறிக் கைகாட்டுவார்கள். அதனால் லோடு ஏற்றும் முன்பே லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸின் ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தேடுங்கள். பதிவான பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் காசில்லாமல் தெரிந்துவிடும்.

அடுத்து, எங்கிருந்து எங்கே, மொத்த வாடகை, அட்வான்ஸ், பேலன்ஸ் எத்தனை நாளில், ஹால்டிங் (வண்டி காத்து நிற்பதற்கான காசு) நாளுக்கு எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போடுங்கள். "ஓகே" வந்தபிறகு வண்டியை எடுங்கள். அதிலும் ஹால்டிங் பேசாமல் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்கு டிரெய்லரை அனுப்பவே அனுப்பாதீர்கள். கன்டெய்னர் வரிசையில் வண்டி நின்றதற்கு யாரும் தானாக முன்வந்து காசு தரமாட்டார்கள்.

2. பி.ஓ.டி.யை விடாதீர்கள்

பி.ஓ.டி. என்பது சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சித் தாள். அதில் இறக்கிய இடத்தின் கையெழுத்து, சீல், தேதி மூன்றும் வேண்டும். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினால் டிரைவர் அங்கேயே நின்று சீல் கேட்கட்டும். சரக்கு குறைவு, சேதம் என்று ஏதாவது எழுதினால் இறக்கிய சரக்கை அப்போதே போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

அசலை ஆபீஸில் கொடுக்கும்போது ஒரு ஜெராக்ஸில் "அசல் பெற்றுக்கொண்டோம்" என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். "பி.ஓ.டி. இன்னும் வரலையேப்பா" என்பதுதான் இந்தத் தொழிலின் மிகப் பழைய சாக்கு. அந்த ஒரு ஜெராக்ஸ் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. ஆவணமான இ-வே பில்லில் உங்கள் வண்டி எண் இருக்கும், அதன் நகல், ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட், எடைமேடை சீட்டு, காலி கன்டெய்னரை இறக்கிய யார்டு சீட்டு எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும்.

3. எழுத்தில் கேளுங்கள்

போனில் சத்தம் போட்டால் மனசு ஆறும், காசு வராது. இப்படி எழுதுங்கள்: "அண்ணே வணக்கம். சாத்தங்காடு–ஓசூர் லோடு. வாடகை 24,000, அட்வான்ஸ் 17,000, பேலன்ஸ் 7,000. பி.ஓ.டி. கொடுத்தாச்சு. எந்தத் தேதியில போடுவீங்க?" கடைசிக் கேள்விதான் முக்கியம். "அடுத்த வெள்ளிக்கிழமை" என்று அவர் பதில் எழுதினால் கணக்கை ஒப்புக்கொண்டதற்கு அதுவே சாட்சி.

"இந்த லோடையும் அடிச்சிட்டு வா தம்பி, ரெண்டையும் சேர்த்துத் தர்றேன்" என்பார்கள். போகாதீர்கள். அடுத்த லோடு கிடைக்காதே என்று பயந்துதான் பாதிப் பேர் பாக்கியைப் பெருக்கிக்கொள்கிறார்கள்.

கோபத்தில் அடுத்த சரக்கை இறக்காமல் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். பாக்கி உங்களுக்கு வரவேண்டியிருக்க, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பதும் நீங்களாக இருப்பீர்கள்.

4. உத்யம் பதிவு

உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதார், பான் இருந்தால் இணையத்தில் இலவசமாகவே பதியலாம். இதற்குக் காசு கேட்கும் தரகர்கள் தேவையே இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, தவணை எழுதிப் பேசாவிட்டால் 15 நாளிலும், எழுதிப் பேசியிருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இணையத்தில் புகார் கொடுத்தால், இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதி மன்றத்துக்குப் போகும். பதிவுக்குப் பிறகு ஓட்டிய லோடுகளுக்குத்தான் இது உதவும், ஆகவே பாக்கி விழும்வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்கள் பான் எண்ணோடு உறுதிமொழி கொடுத்தால் வாடகையில் டி.டி.எஸ். (வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் தொகை) பிடிக்க வேண்டியதில்லை. பலர் இதைக் கொடுக்காமலே ஒவ்வொரு பில்லிலும் ஒரு சதவீதத்தை விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

5. நோட்டீஸ், செக்

அப்படியும் மசியவில்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். கவரில் சேர்த்த தாள்களின் நகலோடு போனால் நோட்டீஸிலேயே இறங்கி வருகிறவர்கள் உண்டு. பாக்கிக்குச் செக் கொடுத்தால் தேதி போட்ட மூன்று மாதத்துக்குள் வங்கியில் போடுங்கள். திரும்பினால், வங்கி தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போகவேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் வழக்கு. செக் இல்லாத பாக்கிக்கு சிவில் வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு.