நெட்வொர்க் கார்டும் ஸ்விட்சும் வேகத்தைப் பேசி முடிப்பது எப்படி?

ஒரு கணக்கு அலுவலகத்தில் புதிதாக வைத்த கணினியிலிருந்து சர்வருக்கு 2 ஜிபி பேக்கப் போக வேண்டும். 100 எம்பிபிஎஸ் லைனில் மூன்று நிமிடத்தில் முடிகிற வேலை. அரை மணி நேரம் ஆகியும் பாதியைத் தாண்டவில்லை. பிங் போட்டால் (சிறு சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. கேபிளை மாற்றினேன், கார்டை மாற்றினேன், அரை நாள் போய்விட்டது. கடைசியில் பார்த்தால், கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் அந்தக் கேபிள் செருகிய போர்ட்டை முன்பு யாரோ 100, ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிகிற முறை) என்று கையால் நிலையாக வைத்திருந்தார்கள். கணினியோ ஆட்டோவில், அதாவது எதிர்முனையோடு பேசித் தானாக முடிவு செய்யும் நிலையில் இருந்தது. அந்த அரை நாள் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், உள்ளே நடப்பது

கேபிளைச் செருகியதும் இரண்டு முனைகளும் சிறு மின்துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக அனுப்புகின்றன. சுமார் 16 மில்லி விநாடிக்கு ஒரு கொத்து. ஒரு கொத்தில் துடிப்புக்கு 33 இடங்கள்: 17 இடங்கள் நேரக் கணக்குக்கு, மீதி 16 இடங்கள் தகவலுக்கு. அந்தத் தகவல் இடத்தில் துடிப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ‘எனக்கு 10 தெரியும், 100 தெரியும், ஃபுல் டூப்ளெக்ஸும் தெரியும்’ என்பதை இப்படித்தான் சொல்லிக்கொள்கின்றன. இரண்டுக்கும் பொதுவானவற்றில் எது உயர்ந்ததோ அதில் லிங்க், அதாவது இணைப்பு, ஏறும். 1995இல் 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் தரநிலையோடு சேர்ந்து வந்த ஏற்பாடு இது. பெயர் ஆட்டோ நெகோஷியேஷன்.

ஒரு முனையைக் கையால் நிலையாக வைத்தால் பல கருவிகள் இந்தப் பேச்சையே நிறுத்திவிடும். ஆட்டோவில் உள்ள மறுமுனை என்ன செய்யும்? வருகிற சிக்னலின் வடிவத்தைப் பார்த்து 10ஆ 100ஆ என்று வேகத்தைச் சரியாகவே கண்டுபிடித்துவிடும். ஆனால் டூப்ளெக்ஸை சிக்னலில் பார்க்க முடியாது. தெரியாதபோது ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் அனுப்பவோ வாங்கவோ மட்டும் முடிகிற முறை) எடுத்துக்கொள் என்பது தரநிலையின் விதி. ஆக, ஒரு பக்கம் ஃபுல், மறுபக்கம் ஹாஃப். லைட் எரியும், பிங் போகும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

ஹாஃப் பக்கம், லைன் காலியா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பும். தான் அனுப்பும்போது எதிரிலிருந்து ஏதாவது வந்தால் மோதல் என்று நினைத்து நிறுத்திவிடும். ஃபுல் பக்கம் எதையும் கேட்காது, தோன்றியபோது அனுப்பும். ஒரு பெரிய ஃபைல் போகும்போது ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில்கள் எதிரே வந்துகொண்டே இருக்கும் அல்லவா? அவற்றில் பல மோதலாகின்றன. பிங்கில் ஒன்று போய், ஒன்று வந்து, அப்புறம்தான் அடுத்தது. அதனால் அதில் இந்தக் கோளாறு தெரிவதில்லை.

இப்போது உங்கள் கணினியில்

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் உங்கள் ஈதர்நெட் கார்டை வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸ் போங்கள். அட்வான்ஸ்டு டேபில் ‘ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்’ இருக்கும். ஆட்டோ நெகோஷியேஷன் என்று இருந்தால் தொடாதீர்கள். லினக்ஸ் என்றால் ஈத்டூல் கட்டளையைக் கார்டின் பெயரோடு கொடுங்கள். வேகம், டூப்ளெக்ஸ் இரண்டும் வரும். அதில் லிங்க் பார்ட்னரின் ஆட்டோ நெகோஷியேஷன் ‘நோ’ என்று இருந்தால், பெரும்பாலும் எதிர்முனையில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்து ஸ்விட்ச். வீட்டிலும் கடையிலும் வைக்கிற சாதாரண ஸ்விட்சில் செட்டிங் எதுவும் கிடையாது. அது எப்போதும் ஆட்டோதான். ‘வேகம் கூடட்டும்’ என்று கணினியில் மட்டும் 100 ஃபுல் என்று வைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். செட்டிங் உள்ள ஸ்விட்ச் என்றால் அந்தப் போர்ட்டின் வேகம், டூப்ளெக்ஸ் இரண்டையும் ஆட்டோவுக்குக் கொண்டுவாருங்கள். லிங்க் ஓரிரு விநாடி விழுந்து எழும். அலுவலக நேரத்தில் செய்தால் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பிறகு போர்ட்டின் பிழைக் கணக்குகளைப் பூஜ்யமாக்கி, ஒரு பெரிய ஃபைலை அனுப்பிப் பாருங்கள். ஹாஃப் பக்கத்தில் ‘லேட் கொலிஷன்’ (தாமதமாகத் தெரிந்த மோதல்), ஃபுல் பக்கத்தில் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த தகவல்), இரண்டும் ஏறினால் டூப்ளெக்ஸ் இன்னும் பொருந்தவில்லை. சிஆர்சி மட்டும் ஏறினால் கேபிளைச் சந்தேகப்படலாம்.

எதிர்முனை மிகப் பழையது, ஆட்டோவே தெரியாது என்றால்? அப்போது மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மதிப்பைக் கையால் வையுங்கள். ஆனால் செப்புக் கேபிளில் 1 ஜிபிபிஎஸ் ஓட ஆட்டோ கட்டாயம். எந்த முனையின் கடிகாரத்தை இரண்டும் பின்பற்றுவது என்பதும் அந்தப் பேச்சில்தான் முடிவாகிறது.

கிகாபிட் (1 ஜிபிபிஎஸ்) வரவேண்டிய இடத்தில் 100தான் வருகிறதா?

இதற்குப் பெரும்பாலும் கிரிம்பிங்தான், அதாவது கேபிள் நுனியில் கனெக்டர் அடித்த விதம்தான் காரணம். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய பின்கள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பேச்சு நடப்பதோ அந்த நான்கு பின்களில் மட்டும். அதனால் நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தால், இரண்டு கருவிகளும் கிகாபிட் என்று ஒப்புக்கொண்டுவிட்டு லிங்க் ஏறாமல் தவிக்கும். சில கருவிகள் சில முறை முயன்று, தாமாகவே 100க்கு இறங்கிவிடும். கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்து நுனியைப் பாருங்கள். எட்டுக் கம்பிகளும் முனைவரை வந்து முட்டியிருக்க வேண்டும். ஒன்று குட்டையாக நின்றால் வெட்டிவிட்டுப் புது கனெக்டர் அடியுங்கள்.