பிராசசர் மாற்றும் முன் ஒரு சோதனை

கம்ப்யூட்டரில் கேம் திக்கித் திக்கி ஓடுகிறதா? கும்பகோணம், தஞ்சாவூர் கடைக்கு பஸ் ஏறும் முன் விசிங்கை (திரையின் வேகத்தைத் தாண்டாமல் கேமைக் கட்டிப்போடும் செட்டிங்) அணைத்து, ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கி அதே காட்சியை ஓட்டுங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு) நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில்தான். பிராசசருக்குக் காசு வீண். அசையாமல் நின்றால் பிராசசரைச் சந்தேகப்படலாம். அப்போதும் அதன் வெப்பத்தைப் பாருங்கள்: சித்திரை வெயிலில் 95 டிகிரி வாக்கில் போனால் பல பிராசசர்கள் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசி தட்டி, பிராசசர் மேல் சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்டை மாற்றினாலே சரியாகலாம்.

ஏஎம்டியின் ரைசன் 5 2600 பிராசசரும் பி450 மதர்போர்டும் வைத்திருப்பவர்களுக்கு யோகம். ரைசன் 5 5600 அதே போர்டில் அப்படியே உட்காரும். பழையதைக் கழற்றும் முன்பே பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள், யுபிஎஸ் இல்லாமல் கூடாது. நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். இன்டெல் 4ஆம் தலைமுறையா? புதிய பிராசசரோடு போர்டு, ரேம் எல்லாமே மாற்ற வேண்டும்.