ஊட்டியில் துத்தநாக ஆக்சைடு வளர்க்கிறீர்களா? படிகத்தின் முகத்தைப் பாருங்கள்

ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் துத்தநாக ஆக்சைடு எலக்ட்ரோடு (மின்முனை) ஒன்றை வளர்த்து, படிகத்தின் எந்த முகம், அதாவது எந்தத் தட்டையான பக்கம், வெளியே தெரிகிறது என்பதைப் பொறுத்து மின்னோட்டம் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. செய்முறை பலவற்றில் கரைசலுக்கு 95 டிகிரி என்று போட்டிருக்கும். ஊட்டியில் அது நடக்காது. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், திறந்த பீக்கரில் அதற்கு மேல் ஏறவே ஏறாது. 88-இல் நிறுத்தி, நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் விதை, அதாவது படிகம் வளரத் தொடங்க ஒரு மெல்லிய படலம். துத்தநாக அசிடேட்டை எத்தனாலில் கரைத்து எஃப்டிஓ கண்ணாடியில் (மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள கண்ணாடி) சொட்டி, காயவைத்து, 350 டிகிரியில் இருபது நிமிடம் சுடுங்கள். அப்புறம் துத்தநாக நைட்ரேட், ஹெக்சமைன் தலா 25 மில்லிமோலார் கரைசலில், விதைத்த பக்கம் கீழே பார்க்கும்படி சாய்த்து நான்கு மணி நேரம் வையுங்கள். மேலே பார்த்தால் வெள்ளை வண்டல் வந்து உட்கார்ந்துவிடும். (இரண்டு பொடியையும் உலர்ந்தபடி ஒன்றாகக் கொட்டிவைக்காதீர்கள், தீ ஆபத்து.)

வருவது அறுகோணக் கம்பிகள். படிகம் உச்சிப் பக்கம் வேகமாக வளர்வதால் வெளியே தெரிவது பெரும்பாலும் பக்கச் சுவர்தான். இன்னொரு பீக்கரில் கொஞ்சம் சோடியம் சிட்ரேட் சேருங்கள், அது உச்சி முகத்தில் ஒட்டிக்கொண்டு மேல் வளர்ச்சியை அடக்க, தட்டுத் தட்டாக வரும், இதில் வெளியே தெரிவது பெரும்பாலும் உச்சி முகம். பக்கச் சுவரில் துத்தநாகமும் ஆக்சிஜனும் சரிபாதி. உச்சியில் ஏதோ ஒன்றுதான், அதனால் அங்கே மின்னேற்றம் உண்டு. ஒளி பட்டுப் பிறக்கும் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) பிரிந்து போகுமா, மேற்பரப்பிலேயே சேர்ந்து வீணாகுமா என்பதில் இந்த வித்தியாசத்துக்குப் பங்கு உண்டு.

அளக்க 0.5 மோலார் சோடியம் சல்பேட் போதும். அமிலம் வேண்டாம், படலமே கரைந்துவிடும். துத்தநாக ஆக்சைடை பாசிட்டிவில் கொடுத்து, எதிரே பிளாட்டினக் கம்பி வைத்து, 0.5 வோல்ட்டில் மைக்ரோஆம்பியர் பாருங்கள். முதலில் மூடிவைத்து, பிறகு வெளிச்சத்தில், இரண்டின் வித்தியாசம்தான் கணக்கு. இது 375 நானோமீட்டர் வாக்கில் தொடங்கி அதற்குக் கீழுள்ள புற ஊதாவைத்தான் விழுங்கும், ட்யூப்லைட்டில் வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

மலை வெயிலில் புற ஊதா தாராளம், ஆனால் மூடுபனியை நம்ப முடியாது. கம்பிப் படலத்தை அளந்து முடித்துத் தட்டுப் படலத்தை வைத்தேன், மின்னோட்டம் பாதியாகிவிட்டது, "உச்சி முகம் மட்டம்" என்று நோட்டில் எழுதியும்விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் எதிர்ச் சரிவே காணோம்! அன்றிலிருந்து கம்பி, தட்டு, மறுபடி கம்பி என்று மூன்று தடவை. இரண்டு கம்பி அளவும் ஒத்துவராவிட்டால் மூன்றையும் அடித்துவிடுவேன்.

ஒத்துவந்தாலும் அவசரப்படாதீர்கள். கம்பிக் காட்டுக்கு மேற்பரப்பு அதிகம், மின்னோட்டம் கூடுவது அதனாலேயே இருக்கலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் எடுத்து, நீளம், பருமன், எண்ணிக்கையை வைத்து இரண்டுக்கும் பரப்பைக் கணக்கிட்டு வகுத்த பிறகும் வித்தியாசம் நின்றால் முகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.