கால் அங்குலம் கூடுதலான வீட்டுக்குள் நுழைவது எப்படி

18 வருஷமாகப் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுவதுதான் என் பிழைப்பு. பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்களில் பேஜ்மேக்கரில் ஆரம்பித்து இப்போது இன்டிசைனில் வந்து நிற்கிறேன். நாவல் ஒன்று கைக்கு வந்தால் என் கண் முதலில் போவது மார்ஜினுக்கு, கதைக்கு அப்புறம்தான். மார்க் இசட். டேனியலெவ்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்' (2000) என்ற நாவல் இந்தக் கெட்ட பழக்கம் உள்ளவர்களுக்காகவே எழுதினது போல இருக்கும். இரண்டு முறை பாதியில் விட்டேன். மூன்றாம் முறை முடித்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் பிரதி. நான் செய்த முதல் தப்பு, நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைத்த திருட்டுப் பதிப்பை வாங்கியது. இந்த நாவலில் 'வீடு' என்ற சொல் எங்கே வந்தாலும் நீலத்தில் இருக்கும். வேறு மொழியில் வந்தாலும் நீலம்தான். மினோட்டார், அதாவது கிரேக்கப் புராணத்தில் வரும் மாட்டுத்தலை மனிதன் பற்றிய வரிகளும், கோடு போட்டு அடித்துவிட்ட பத்திகளும் சிவப்பு. என் பிரதியில் எல்லாம் ஒரே கறுப்பு. போதாததற்கு ஓரம் வெட்டும்போது கத்தி உள்ளே இறங்கி, ஓரக்குறிப்புகளில் பாதி எழுத்து போயே போச்சு. முழு வண்ணப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். 700 பக்கத்துக்கு மேல், கனமான புத்தகம், படுத்துக்கொண்டு படிக்க முடியாது. மொபைலில் பிடிஎஃப் வேண்டவே வேண்டாம். தலைகீழாக அச்சான பத்தியைப் படிக்க மொபைலைத் திருப்பினால் அது சமர்த்தாகத் தானும் திரும்பிக்கொள்ளும்.

கூடவே மூன்று சாமான்கள்: பக்க அடையாளத்துக்கு இரண்டு துண்டு நாடா, ஒரு பென்சில், ஒரு சின்னக் கைக்கண்ணாடி. கண்ணாடி எதற்கு என்பது போகப்போகத் தெரியும்.

அடுத்தது, யார் பேசுகிறார்கள் என்று பிடிப்பது. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கதையைத் தேடாமல் எழுத்துருவைப் பாருங்கள். டைம்ஸ் எழுத்து என்றால் ஸம்பானோ. கண் தெரியாத கிழவர். நாவிட்சன் என்ற புகைப்படக்காரர் எடுத்ததாகச் சொல்லப்படும் ஆவணப்படத்தைப் பற்றி ஆராய்ச்சி நூல் எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போகிறார். அப்படி ஒரு படமே இல்லை. கூரியர், அதாவது பழைய டைப்ரைட்டர் எழுத்து என்றால் ஜானி ட்ரூயன்ட். லாஸ் ஏஞ்சலஸில் பச்சை குத்தும் கடையில் எடுபிடி. கிழவரின் காகிதங்கள் இவன் கையில் சிக்க, அடிக்குறிப்பில் தன் கதையை அளக்கிறான். புக்மேன் எழுத்து என்றால் பெயர் தெரியாத பதிப்பாசிரியர்கள். இந்த மூன்றும் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

ஜானியின் பகுதிகளில் எழுத்துப்பிழை நிறைய வரும். முதல் 50 பக்கம் பென்சிலால் திருத்திக்கொண்டே போனேன், தொழில் வியாதி. அப்புறம்தான் பல பிழைகள் வேண்டுமென்றே விட்டவை என்று உறைத்தது. பென்சிலை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

நடுவில் இருக்கும் கதை, அதாவது அந்த இல்லாத படத்தின் கதை, எளிமையானது. வர்ஜீனியாவில் ஆஷ் ட்ரீ லேன் என்ற தெருவில் ஒரு வீடு. நாவிட்சன் குடும்பம் குடிவருகிறது. ஊருக்குப் போய்த் திரும்பினால், சுவரில் அதுவரை இல்லாத கதவு. டேப்பை எடுத்து அளக்கிறான். வெளியே அளந்ததைவிட உள்ளே கால் அங்குலம் கூடுதலாக இருக்கிறது. எத்தனை முறை அளந்தாலும் அப்படித்தான். பேய் வரவில்லை, ரத்தம் வரவில்லை. வெறும் கால் அங்குலம். பக்க அளவில் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலே தூக்கம் வராத எனக்கு இதைவிடப் பயங்கரம் வேறு வேண்டியதில்லை.

சரி, 72ஆம் பக்கத்துக்கு வரும்போது நில்லுங்கள். ஜானியைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பின்னிணைப்பில் இருக்கும் அவன் அம்மாவின் கடிதங்களைப் படித்துவிட்டு வரலாம், விருப்பமில்லாதவர்கள் விட்டுவிடலாம் என்று பதிப்பாசிரியர் குறிப்பு ஒன்று வரும். இரண்டு முறை அதைப் பொருட்படுத்தாமல் போனேன், இரண்டு முறையும் ஜானி மேல் எரிச்சல்தான் மிஞ்சியது. மூன்றாம் முறை முதல் நாடாவை அங்கே வைத்துவிட்டுப் போய்ப் படித்தேன். மனநல விடுதியில் இருக்கும் பெலஃபினா மகனுக்கு எழுதியவை அவை. ஒரு கடிதத்தில், அடுத்ததை ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் எடுத்துக் கோத்துப் படி என்கிறாள். நம் மொழியில் செய்துபார்த்தால் இப்படி இருக்கும்: 'பகலெல்லாம் சிரித்தவளுக்குத் தீபாவளி ராத்திரி துக்கம்.' முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'பசி தீராது'. பென்சில் இதற்குத்தான். 1987 மே 8 தேதியிட்ட அந்த அடுத்த கடிதம் மேலோட்டமாகப் பார்த்தால் உளறல். நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுத்தெழுத்தாக எடுத்தேன். என்ன வந்தது என்று சொல்ல மாட்டேன். மறுநாள் அலுவலகத்துக்கு லீவு போட்டேன், அவ்வளவுதான்.

ஒன்பதாம் அத்தியாயம்தான் எல்லோரும் புத்தகத்தை மூடும் இடம். வீட்டுக்குள் சுழல்வழி விரிகிறது, பக்கமும் அப்படியே ஆகிறது. ஓரத்தில் கட்டடங்களின் பெயர்கள் வரிசைகட்டி ஓடும், எதிர் ஓரத்தில் ஒரு பட்டியல் தலைகீழாகத் திரும்பி வரும். ஓர் அடிக்குறிப்பு இன்னொன்றுக்கு அனுப்பும், அது பழையதற்கே திருப்பி விடும். பக்கத்தின் நடுவே நீலக்கோட்டுப் பெட்டி, அதற்குள் அந்த வீட்டில் என்னென்ன இல்லை என்று பட்டியல். தாளைப் புரட்டினால் பின்பக்கம் அதே பெட்டியில் அதே எழுத்து, இடவலமாகத் திரும்பி, ஜன்னல் வழியே பார்ப்பது போல. கைக்கண்ணாடியை இங்கே வைத்துப் பாருங்கள். முன்பக்க அச்சும் பின்பக்க அச்சும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டுமே, அதாவது ரிஜிஸ்டர் ஒத்துவர வேண்டுமே என்று என் வயிறு கலங்கியது. டேனியலெவ்ஸ்கி இதை யாரிடமும் ஒப்படைக்காமல், நியூயார்க்கில் பதிப்பகத்துக்கே போய் உட்கார்ந்து குவார்க் எக்ஸ்பிரஸ் மென்பொருளில் தானே பக்கம் கட்டினார். நியாயம்தான். எனக்கு அந்த வேலை வந்திருந்தால் ஓடியிருப்பேன்.

இந்த அத்தியாயத்தில் பட்டியல்களை ஒரு வரிகூட விடாமல் படிக்கக் கூடாது. நான் ஒவ்வொரு பெயரையும் இணையத்தில் தேடி ஒரு வாரம் வீணாக்கினேன். நிஜ மேற்கோளும் பொய் மேற்கோளும் கலந்து கிடக்கும், பிரிக்கிற வேலை உங்களுடையது இல்லை. இரண்டாவது நாடாவை நடுப்பத்தியில் வைத்துக்கொண்டு அதை மட்டும் பிடித்துப் போங்கள். தொலைந்தால் தொலையுங்கள். அடுத்த அத்தியாயத்தில் சுவாசம் திரும்பும். பக்கத்துக்குச் சில சொற்கள்தான், விரல் தானாகவே வேகமாகப் புரட்டும். எங்கே மெதுவாக, எங்கே ஓட்டமாக என்பதைப் பக்கமே சொல்லிவிடும். இதற்கு முன்னால் காலி இடத்தைப் பார்த்தால் தாள் வீண் என்றுதான் எனக்குத் தோன்றும்.

தலைப்பில் உள்ள 'லீவ்ஸ்' இலையும்தான், தாளும்தான். ஏட்டையும் ஓலையையும் ஒன்றாகவே வைத்திருக்கும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கடைசியில் இருட்டில் மாட்டிக்கொண்ட நாவிட்சன் தன்னிடம் உள்ள ஒரே புத்தகத்தைத் தாள்தாளாகக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் அதையே படிக்கிறான். அது என்ன புத்தகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இது பிடித்துப்போனால் அவருடைய 'ஒன்லி ரெவல்யூஷன்ஸ்' (2006) பக்கம் போகலாம். 360 பக்கம், இரண்டு பேர் கதை, இரண்டு முனையிலிருந்தும் தொடங்கும். எட்டு எட்டுப் பக்கமாகத் திருப்பித் திருப்பிப் படிக்கச் சொல்கிறார்கள். எனக்குக் கை வலித்ததுதான் மிச்சம். 27 பாகம் என்று அறிவித்து ஐந்தோடு நின்ற 'தி ஃபெமிலியர்' வரிசையை நான் தொடவில்லை.

ஹவுஸ் ஆஃப் லீவ்ஸை முடித்ததும் பின்னால் உள்ள சொல்லடைவையும் ஒரு பார்வை பாருங்கள். சில சொற்களுக்கு எதிரே பக்க எண்ணுக்குப் பதில் டி.என்.இ. என்று மூன்றெழுத்து இருக்கும். அப்படி ஒன்று இல்லை என்று அர்த்தம். இல்லாததற்கு எதற்கு அடைவு என்று சும்மா இருந்திருக்கலாம். புரூஃப் பார்க்கிற புத்தி விடவில்லை. ஒரு சொல் நிஜமாகவே இல்லையா என்று முதல் பக்கத்திலிருந்து மறுபடி தேட ஆரம்பித்தேன். இப்போது 212ஆம் பக்கத்தில் இருக்கிறேன்.