பழைய கார் ரேடியோவில் ஐபாட் பாட்டைக் கேட்பது எப்படி?

கார் ஸ்டீரியோ கடைக்குப் போய், "ஐபாடில் இருக்கிற பாட்டை இந்த ரேடியோவில் கேட்க வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு முடிவதற்குள் ஸ்குரூ டிரைவர் வந்துவிடும். "இது பழசு சார், கழற்றிவிட்டுத் தொடுதிரை போட்டுவிடலாம்" என்பார்கள். அது அவர்கள் பிழைப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரேடியோவை மாற்றாமலே காரியத்தை முடிக்க வழிகள் இருக்கின்றன. மதுரையில் இருந்துகொண்டு தேனி, போடி, திண்டுக்கல், திருச்சி என்று மருந்து விற்பனைக்காக அலைகிறவன் நான். கேசட் வாயுள்ள பழைய கார்தான் ஓட்டுகிறேன். பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

செல்போன் இருக்கும்போது ஐபாட் எதற்கு என்று கேட்பீர்கள். என் தொழிலில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். நல்ல இடத்தில் நாதஸ்வரம் ஏறும்போது கிடங்கிலிருந்து அழைப்பு வந்தால் எரிச்சல் வருமா, வராதா? மலைப்பாதையில் சிக்னலும் போய்விடும். ஆப்பிள் நிறுவனம் 2022-இல் ஐபாட் என்ற இந்தப் பாட்டுக் கருவியின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அதனால் பல வீடுகளில் அது இழுப்பறையில் சும்மா கிடக்கிறது. எடுத்துத் துடைத்துச் சார்ஜ் ஏற்றுங்கள். ஹெட்போன் துளை உள்ள எந்தக் கருவிக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

முதலில் ரேடியோவின் முகத்தைப் பாருங்கள். 'ஆக்ஸ்' என்று எழுதிய சின்ன வட்டத் துளை இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சில கார்களில் அது முகப்பில் இருக்காது. டாஷ்போர்டு அறைக்குள்ளோ கை பிரேக் பக்கத்திலோ ஒளிந்திருக்கும். ரேடியோவின் முதுகில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு சாக்கெட்டுகள் தெரிந்தால் அவசரப்பட்டுச் செருகாதீர்கள். அவை பெரும்பாலும் ஆம்பிளிஃபயருக்குப் போகும் வெளியீடு. உள்ளீடு என்று தெளிவாகக் குறித்திருந்தால் மட்டுமே உங்களுக்கு உதவும். முகப்புத் துளைக்கு இரண்டு முனையிலும் 3.5 மி.மீ. பின் உள்ள ஒயர் போதும். ஒரு முனை ஐபாடில், மறு முனை ரேடியோவில். 'சோர்ஸ்' அல்லது 'மோட்' பொத்தானை ஆக்ஸ் வரும்வரை அழுத்துங்கள். வேலை முடிந்தது.

முடிந்தது என்று சொன்னாலும், பலர் கெடுத்துக்கொள்வது இதற்குப் பிறகுதான். இப்போது உங்களிடம் இரண்டு வால்யூம் இருக்கிறது. ஐபாடைக் குறைவாக வைத்துவிட்டு ரேடியோவை ஏற்றினால் பாட்டோடு இரைச்சலும் ஏறும்; மறந்துபோய் எஃப்எம்முக்கு மாற்றினால் காது கிழியும். ஐபாடை முழுக்க ஏற்றினால் ஒலி உடையும். ஐபாட் முக்கால் அளவுக்குச் சற்று மேலே, மீதி ரேடியோவில், இதுதான் கணக்கு. சரிபார்க்க நான் தவிலைத்தான் நம்புகிறேன். தவில் வித்வான் வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு அடிக்கிறார். இடது பக்கம் குச்சி. அளவு சரியாக இருந்தால் கூடு தோலில் பட்டுத் தெறிக்கும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். ஐபாடில் ஒலி கூடிப்போனால் அந்தத் தெறிப்பு முதலில் மழுங்கும், பிறகு கரகரக்கும். கரகரப்பு நிற்கும்வரை ஐபாடைக் குறையுங்கள், ரேடியோவைத் தொடாதீர்கள். ஐபாடின் ஈக்வலைசரையும் அணைத்துவிடுங்கள். ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் திருத்த ஒருவர் போதும், அந்த வேலை ரேடியோவுடையது.

ஆக்ஸில் பாடிக்கொண்டே காரின் சாக்கெட்டில் சார்ஜ் ஏற்றும்போது மெல்லிய ஊளை ஒன்று கேட்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் உச்சஸ்தாயிக்குப் போகும். ஐபாட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் ஒயர் வழியாக ஒன்று என்று இரண்டு எர்த் பாதைகள் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகின்றன. என்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் சத்தம் அதற்குள் புகுந்துவிடுகிறது. சார்ஜரைப் பிடுங்குங்கள். ஊளை நின்றால் காரணம் அதுதான். சார்ஜ் ஏற்றியே தீர வேண்டும் என்றால், உள்ளே சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் வைத்த 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்ற குட்டிப் பெட்டியை ஆக்ஸ் ஒயரின் நடுவில் மாட்டினால் சரியாகிவிடும்.

ஆக்ஸ் இல்லை, ஆனால் கேசட் வாய் இருக்கிறதா? என்னைப் பொறுத்தவரை இதுதான் அழகான வழி. கேசட் வடிவத்திலேயே, வால்போல ஒயர் தொங்குகிற அடாப்டர் கிடைக்கும். உள்ளே டேப் கிடையாது. கேசட்டைப் பாடவைக்கும் பகுதிதான் டெக்; டேப்பைப் படிக்கிற அதன் ஹெட் வந்து தொடும் இடத்தில் அடாப்டருக்கும் ஒரு ஹெட் இருக்கிறது. ஐபாடிலிருந்து வரும் மின்சாரத்தை அது காந்த அலைவாக மாற்றுகிறது; டேப் ஓடுவதாக நினைத்துக்கொண்டு டெக் அதைப் படிக்கிறது. சக்கரங்கள் சுற்றாவிட்டால் டேப் முடிந்துவிட்டது என்று டெக் வெளியே துப்பிவிடும் அல்லவா, அதற்காக உள்ளே சில பல்சக்கரங்களையும் வைத்திருக்கிறார்கள்.

அடாப்டரைப் போடும் முன் டெக்கின் ஹெட்டைச் சுத்தம் செய்யுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்துக் கேசட் வாய்க்குள் விட்டு மெதுவாகத் தேயுங்கள். குச்சி துரு நிறத்தில் திரும்பி வரும். பழைய டேப்புகள் விட்டுப்போன பொடி அது. குச்சி வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் தேய்த்து, காயவிட்டு, பிறகு போடுங்கள். ஒலி மந்தமாக இருந்தால் டெக்கில் டால்பி பொத்தான் எரிகிறதா என்று பாருங்கள். கேசட் இரைச்சலைக் குறைக்க வந்த அந்த வசதி, இங்கே பாட்டின் மேல்ஸ்தாயியைத்தான் வெட்டும். ஒலியே வரவில்லை என்றால் டெக் மறுபக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கலாம். பக்கம் மாற்றும் பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள். 'டக், டக்' என்று பக்கம் மாறிக்கொண்டே இருந்தால் அடாப்டரின் பல்சக்கரம் சிக்கியிருக்கிறது என்று பொருள். இந்த அடாப்டர் இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. ஆன்லைனில் தேடுங்கள், அல்லது சென்னை போகும்போது ரிச்சி தெருவில் விசாரியுங்கள்.

துளையும் இல்லை, கேசட் வாயும் இல்லை என்றால்தான் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். கடைசி வழி என்றே சொல்வேன். ஆனால் ரேடியோ மட்டுமே இருக்கிற காரில் இதை விட்டால் கதியில்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி, ஐபாடை ஒயரால் அதோடு இணைத்தால், அது காருக்குள்ளேயே ஒரு குட்டி வானொலி நிலையமாகிவிடும். ரேடியோவை அதே அலைவரிசைக்குத் திருப்பினால் பாட்டு வரும்.

எந்த அலைவரிசை என்பதில்தான் சூட்சுமம் எல்லாம். நம் நாட்டில் எஃப்எம் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. தமிழ்நாட்டின் பெரிய ஊர்கள் பலவற்றில் 93.5-இல் சூரியன், 98.3-இல் மிர்ச்சி, 106.4-இல் ஹலோ உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் போகாதீர்கள்; இரண்டு பக்கமும் குறைந்தது 0.4 இடைவெளி விடுங்கள். தேனிப் பக்கம் போகிறவர்கள் 100.5-ஐயும் மறக்க வேண்டாம். கொடைக்கானல் வானொலி மலை உச்சியிலிருந்து பேசுகிறது. பெரியகுளம் சாலையில் அதன் குரலை உங்கள் குட்டி நிலையம் வெல்ல முடியாது. திருச்சியில் 102.1 அகில இந்திய வானொலியுடையது. "ஓரத்தில் வையுங்கள், 107.8 காலியாக இருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். சமுதாய வானொலிகளுக்குக் கொடுக்கிற இடங்களில் அதுவும் ஒன்று, 90.4-உம் அப்படித்தான். அந்த நிலையங்கள் சிறியவை என்பதால் ஊர் தாண்டினால் மங்கிவிடும், ஊருக்குள் இடிக்கும்.

தேடும் முறை இது. டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி வையுங்கள், என்ஜின் ஓடட்டும். தானாகத் தேடும் பொத்தான் வேண்டாம்; அது நிலையங்களில்தான் நிற்கும், உங்களுக்கு வேண்டியதோ நிலையம் இல்லாத இடம். கையால் 0.1, 0.1 ஆக நகர்த்துங்கள். ஏற்ற இறக்கமில்லாமல், பின்னணியில் முணுமுணுப்பு எதுவும் இல்லாமல் ஒரே சீராக இரைகிற இடம்தான் நல்ல இடம். அப்படி மூன்றைக் கண்டுபிடித்து ரேடியோவின் பொத்தான்களில் பதிந்துவையுங்கள். ஓர் ஊரில் காலியாக இருப்பது அடுத்த ஊரில் காலியாக இருக்காது; அப்போது ஒரே அழுத்தில் மாறலாம், டிரான்ஸ்மிட்டரையும் அதற்கு மாற்றிவிட வேண்டும். வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் செய்யுங்கள்.

அப்படியும் இரைந்தால் ஏரியலைக் கவனியுங்கள். இழுத்து நீட்டும் கம்பி ஏரியலாக இருந்தால் உள்ளே தள்ளிப் பாருங்கள். வெளி நிலையங்கள் பலவீனமாகும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற உங்கள் டிரான்ஸ்மிட்டர் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ரேடியோவில் மோனோ வசதி இருந்தால் அதையும் போடுங்கள். ஸ்டீரியோ போகும், இரைச்சலும் பாதி போகும். எஃப்எம் ரிசீவர் இரண்டில் வலுவானதைத்தான் பிடிக்கும். கப்பலூர் சுங்கச்சாவடி வரிசையில் என் நாதஸ்வரம் சட்டென்று மறைந்து கந்தன் பாட்டு ஒலித்தது; பக்கத்துக் காரிலும் டிரான்ஸ்மிட்டர், அதுவும் என்னுடைய அதே எண்ணில். அவர் நகர்ந்ததும் என் பாட்டு திரும்பியது. கந்தனுக்கு விட்டுக்கொடுத்ததில் வருத்தமில்லை.

இலங்கையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானிலிருந்து வந்த காரானால் ரேடியோவும் ஜப்பான் அளவில், 76 முதல் 90 வரை மட்டுமே இருக்கலாம். டிரான்ஸ்மிட்டரோ 87.5-க்குக் கீழே போகாது. ஆக 87.5-க்கும் 90-க்கும் நடுவில் மட்டும் தேடுங்கள்.

யுஎஸ்பி துளை இருந்தால் ஐபாடே வேண்டாம். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து எம்பி3 பாடல்களைப் போடுங்கள். பழைய ரேடியோக்கள் பல பெயர் வரிசையைப் பார்க்காமல் காப்பி செய்த வரிசையிலேயே பாடும். தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். பாட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. புளூடூத் இருக்கிறதே என்று மகிழும் முன், அது போன் பேச்சுக்கு மட்டுமா பாட்டுக்குமா என்று பாருங்கள். பழைய கார்களில் பேச்சுக்கு மட்டும் வைத்தவை உண்டு. ஐபாட் கிளாசிக்கில் புளூடூத்தே கிடையாது.

சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது ஐபாடைச் சீட்டில் விடாதீர்கள். பேட்டரி உப்பித் திரையைத் தூக்கிவிடும். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் லைட்டர் சாக்கெட்டில் மின்சாரம் நிற்காது. டிரான்ஸ்மிட்டரின் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.