கடன் முடிந்த பின்னும் பிடிக்கப்பட்ட தவணையைத் திரும்பப் பெறுவது எப்படி?

நிதி நிறுவனத்தில் வாங்கிய தனிநபர் கடனை முன்கூட்டியே அடைத்த பிறகும், அடுத்த மாதம் அதே தேதியில் இஎம்ஐ கணக்கிலிருந்து பிடிக்கப்படுவது உண்டு. வசூல் பட்டியலை நிறுவனங்கள் தவணைத் தேதிக்குச் சில நாள்கள் முன்பே நாச் எனப்படும் தானியங்கி வசூல் அமைப்புக்கு அனுப்பிவிடுவதால், முதல் மாதம் இப்படி நேர்வதைத் தாமதம் என்று கொள்ளலாம். இரண்டாம் மாதமும் பிடிக்கப்பட்டால், மேன்டேட்டை, அதாவது தவணையைத் தானாகப் பிடிக்க நீங்கள் முன்பு கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதியை, யாரும் ரத்து செய்யவில்லை என்றே பொருள்.

கணக்கைக் காலியாக வைத்துத் தப்பிக்கப் பலர் முயல்கிறார்கள். அது வீண் வேலை, ஏனெனில் தவணை திரும்பினால் வங்கி அதற்கும் கட்டணம் பிடிக்கும். நெட்பேங்கிங்கிலோ வங்கிக் கிளையிலோ மேன்டேட்டின் தனி அடையாள எண்ணான யுஎம்ஆர்என்-ஐக் குறிப்பிட்டு ரத்து செய்யுங்கள். யுபிஐ ஆட்டோபே என்றால் செயலியிலேயே நிறுத்திவிடலாம். ஆனால் கடன் முடிந்ததற்கான கடிதம் கையில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்: பாக்கி இருக்கும்போது, பணம் போதாமல் தவணை திரும்பினால், 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, காசோலை திரும்பியதைப் போலவே வழக்குத் தொடர முடியும்.

அடுத்து, நிறுவனத்திடம் கடன் கணக்கு அறிக்கையைக் கேட்டுப் பெற்று, வங்கி ஸ்டேட்மென்ட்டோடு தேதிவாரியாக ஒப்பிட்டு, கூடுதலாகப் போன தொகையை ரூபாய் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாளே மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. கடன் எண், முடித்த தேதி, பிடிக்கப்பட்ட தேதிகள், தொகை, பணம் வரவேண்டிய கணக்கு ஆகியவற்றைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் கிடைக்கும் வாய்வாக்குறுதி பின்னால் எதற்கும் உதவாது. தவறுதலாகச் செலுத்தப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு சொல்வதையும் அதில் ஒரு வரி சேர்க்கலாம்.

வங்கியிடம் கேட்டால், நீங்கள் கொடுத்த அனுமதியின்படியே பணம் போனது என்பார்கள். பெரும்பாலும் அது சரியான பதில்தான். மேன்டேட்டை ரத்து செய்த பிறகோ, அதில் எழுதியிருந்த உச்சத் தொகைக்கு மேலாகவோ பிடித்திருந்தால் மட்டும் வங்கிமீதும் தனியே புகார் எழுதுங்கள்.

30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் சிஎம்எஸ் எனப்படும் அதன் புகார் இணையதளம் வழியாக முறையிடலாம். கட்டணம் இல்லை; விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது. இதே விவகாரம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் ஏற்கமாட்டார் என்பதால், முதலில் இங்கே போவதே நல்லது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் அதற்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு. அந்தச் சேவைக்காக நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கும் கட்டணம் கிடையாது.

கூடுதலாகப் பிடித்தது காப்பீட்டு நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கிக்குப் பதிலாக காப்பீட்டுப் புகார்களுக்கான பீமா பரோசா தளத்திலும், ஜிம், இணையச் சந்தா போன்றவை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம்.